இணைப்பதா, புரட்டுவதா? சீன மாணவர்களும் ஆங்கில ரிலேட்டிவ் கிளாஸும்

'நான் நேற்று வாங்கிய புத்தகம்.' இதையே சீனர் 'வோ ஜுவோதியன் மாய் த ஷூ' என்பார். நான், நேற்று, வாங்கு, 'த', புத்தகம் என்று வரிசை அப்படியே நம்முடையதுதான். நம் பெயரெச்ச விகுதி செய்யும் வேலையை அங்கே 'த' என்ற ஒற்றைச் சொல் செய்கிறது. ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் வந்துவிடும்: 'தி புக் தட் ஐ பாட் எஸ்டர்டே'. இப்படிப் பெயருக்குப் பின்னால் நின்று அதை விளக்கும் பகுதிதான் ரிலேட்டிவ் கிளாஸ்.

இதைக் கற்பிக்கப் பாடநூல்கள் காட்டும் பழைய வழி, இரண்டு வாக்கியங்களை இணைப்பது. திருத்துவது எளிது. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் 'ஹூ', 'விச்', 'வேர்' என்று கோடிட்ட இடம் நிரப்பவும் இந்தப் பயிற்சி உதவும். ஆனால் பொருள் கெடுகிறது. 'தி ஸ்டூடன்ட்ஸ் ஃபெயில்ட். தே டிட் நாட் ஸ்டடி' என்றால் எல்லோரும் தோற்றார்கள். 'ஹூ' போட்டு இணைத்தால் படிக்காதவர்கள் மட்டும் தோற்றார்கள். இரண்டும் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தவறு. அப்புறம், இரண்டாம் வாக்கியத்தின் 'ஹிம்' போகாமல் ஒட்டிக்கொண்டு 'தி மேன் ஹூ ஐ மெட் ஹிம்' என்று வரும்.

இதைவிடப் பெரிய குறை வேறு. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற ஆய்வாளர் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் ரிலேட்டிவ் கிளாஸை எண்ணிப் பார்த்தார். பாரசீக மாணவர்களிடம் 43 பிழைகள், சீன மாணவர்களிடம் 9தான். சீனர்களுக்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் பாரசீகர்கள் 174 முறை பயன்படுத்திய அமைப்பைச் சீனர்கள் 76 முறைதான் தொட்டிருந்தார்கள். கடினம் என்று ஒதுங்கியிருக்கிறார்கள். இணைப்புப் பயிற்சியில் ஆசிரியர் சொன்னதால் எழுதும் மாணவர், சொந்தக் கட்டுரையில் ஒதுங்குவதை அது எப்படித் தடுக்கும்?

இன்னொரு வழி, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்றொடரைப் புரட்டுவது. முழு வாக்கியம் வேண்டாம். 'எந்தப் புத்தகம்?' என்று கேளுங்கள். சீனத்தில் பதில் வரும். 'த'வுக்குப் பின்னால் உள்ள பெயரைத் தூக்கி முன்னால் வைத்து, 'தட்' சேர்த்து, மிச்சத்தைப் பின்னால் போடச் சொல்லுங்கள். சொல்ல நினைத்ததைத் தானே சொல்வதால் மாணவருக்குத் துணிச்சல் வருகிறது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

குழிகள் இதிலும் உண்டு. சீனத்தில் காலச்சொல் வினைக்கு முன்னால் வருவதால் 'ஐ எஸ்டர்டே பாட்' என்று நின்றுவிடும். 'வோ த ஷூ' என்றால் வெறும் 'என் புத்தகம்'. அங்கேயும் 'தட்' போட்டுவிடுவார்கள். 'மீன் பொரிக்கிற வாசனை' போன்ற தொடர்கள் சீனத்திலும் நம்மைப் போலவே சரளமாக வரும். அதைப் புரட்டினால் வாசனையே மீன் பொரிப்பதாக ஆகிவிடும்.

சரி, புரட்டல் சுத்தமாகத் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது: 'ஐ ஹேவ் எ ஃபிரெண்ட் லிவ்ஸ் இன் ஷாங்காய்' என்று 'ஹூ' இல்லாமல் எழுதும் பிழை. சீனத்தில் 'எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்' என்று தொடங்கி, அந்த நண்பரையே எழுவாயாக்கி 'ஷாங்காயில் வசிக்கிறார்' என்று அப்படியே நீட்டலாம். அதில் 'த'வே கிடையாது, புரட்ட எதுவுமில்லை. இங்கே பழைய இணைப்புதான் கைகொடுக்கும். இரண்டு வினைகளையும் அடிக்கோடிடச் சொல்லி, நடுவில் 'ஹூ' வேண்டும் என்று காட்டலாம்.

ஆகவே முதல் சில வாரங்கள் புரட்டல், பிறகு இந்தப் பிழைக்கும் தேர்வுக்குமாக இணைப்பு. கட்டுரை திருத்தும்போது பிழைகளுக்கு முன் அந்த அமைப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், மறுபடியும் 'எந்தப் புத்தகம்?' என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள்.