மொட்டை மாடில சோலார் போட்டாச்சு, 4/5

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் குடுக்கிற பிஎம் சூர்ய கர் திட்டத்துல வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டோம், செஞ்சு கொடுத்தது பக்கத்து ஊர் சின்ன கம்பெனி, வேலை ரொம்ப நல்லா இருக்கு. ஸ்டாண்டை உயரமா தூக்கி வச்சதால கீழ துணி காயப்போட இடம் அப்படியே கிடக்கு, எர்த்திங்லயும் கஞ்சத்தனம் பண்ணல. நல்ல வெயில்னா ஒரு நாளைக்கு 12 யூனிட் கிட்ட வருது.

ஒரு மார்க் குறைச்சது ஏன்னா, கரண்ட் போனா சோலாரும் நின்னுடும்னு விக்கிறப்ப யாரும் சொல்லல (லைன்ல வேலை பாக்குறவங்க பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்கணும், அது சரிதான்). பேட்டரி வேணும்னா தனி செலவு.

மானியம் 78,000 ரூபா கண்டிப்பா பெரிய உதவி, ஆனா நெட் மீட்டர் (நாம எடுக்கிற கரண்டையும் வெளிய அனுப்புற கரண்டையும் கணக்கு பாக்குற மீட்டர்) மாட்டி எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அக்கவுண்ட்ல ஏறும், அதுவரைக்கும் நம்ம காசு, இல்லன்னா லோன். இதுதான் எனக்கு உறுத்துது, சொந்த மாடியும் கையில காசும் இருக்கிறவனுக்குத்தான் இந்தப் பணம் போய்ச் சேருது, வாடகை வீட்டுல இருக்கிறவங்களும் ஃபிளாட்டுல மாடி உரிமை இல்லாதவங்களும் வரி கட்டுறாங்க ஆனா அவங்களுக்கு இது சுலபமா கிடைக்கிறதில்ல, பொது இடத்துல பெருசா ஒண்ணு போட்டு பங்கு மாதிரி பிரிச்சுக் குடுத்தா அவங்க பில்லும் குறையும்ல?

ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ இருக்கிறதால கம்மியா எரிக்கிறவங்க அவசரப்பட வேணாம், ஏசி ஓடி 500 தாண்டுற வீடுன்னா தாராளமா போடுங்க. கொட்டேஷன்லயே உள்நாட்டு செல் பேனல், அதாவது டிசிஆர்னு எழுதி வாங்கிடுங்க, இல்லன்னா மானியம் கிடையாது.