கப்பல் டூர் புக் பண்றவங்க இத படிச்சிட்டு பண்ணுங்க, எங்களுக்கு 46,500 ரூபா போச்சு

கை நடுங்குது டைப் பண்ணும்போது. அரை மணி நேரம் முன்னாடிதான் எங்களுக்கு டிக்கெட் போட்டு குடுத்த டிராவல்ஸ் ஆளு கடைசியா பேசுனான், "பாஸ், கப்பல்ல போனீங்களா இல்லியா, மூணு வேளையும் சாப்டீங்களா இல்லியா, அப்புறம் எதுக்கு காசு கேக்குறீங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டான். திரும்ப அடிச்சா ரிங்கே போவல. பிளாக் பண்ணிட்டான். ட்ரிப் முடிஞ்சு வந்து இன்னியோட 16 நாள் ஆவுது, 16 நாளா "அண்ணே அண்ணே"னு பேசுனவன் இன்னிக்கு பாஸுன்றான்.

நாங்க தண்டையார்பேட்டை. எங்க நைனா ஹார்பர்ல 31 வருஷம் கப்பல் சரக்கு தூக்குற வின்ச் மெஷின் ஓட்டுனவரு. ஜவஹர் டாக்ல கரி இறக்குற கப்பல் வந்தா நைட் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது காதுக்குள்ளல்லாம் கரி இருக்கும், 2011-ல ஹைகோர்ட் சொல்லி கரியும் இரும்புத் தாதும் நிக்கிற வரைக்கும் எங்க பக்கம் மாடில வெள்ளைத்துணி காயப்போட முடியாது, வட சென்னைக்காரங்களுக்கு தெரியும். அவரு ஏறாத கப்பல் கிடையாது. ஆனா எல்லாமே கட்டிப்போட்ட கப்பல். அது கிளம்புறதுக்குள்ள இறங்கிடணும். ஒரு தடவையாவது ஹார்பர கடல்ல இருந்து பாக்கணும்டான்னு நான் ஸ்கூல் படிக்கும்போதுலருந்து சொல்லிகினு இருப்பாரு. அவருக்கு 70 முடியுது, அம்மா திருக்கடையூர் போலாம்னாங்க, நான்தான் அது அப்புறம் போலாம்மா, முதல்ல நைனாவ கப்பல்ல கூட்டினு போறேன்னு சொன்னேன். ரெண்டு நைட்டு ட்ரிப், எங்கயும் நிக்காது, நடுக்கடல் வரைக்கும் போய்ட்டு திரும்ப நம்ம ஹார்பருக்கே வந்துரும். நைனா, அம்மா, நான், எங்க வீட்ல, பாப்பா, மொத்தம் அஞ்சு பேரு. ஒண்ணரை வருஷம் சீட்டு கட்டி எடுத்த காசு.

கப்பல் கம்பெனி சைட்லயே புக் பண்ணிருக்கலாம். அங்கதான் தப்பு பண்ணேன். பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு சின்ன டிராவல்ஸ், மாடியில இருக்கும், ரெண்டு சேர் ஒரு டேபிள், சுவத்துல கப்பல் போட்டோ. தெரிஞ்சவரு ஒருத்தர் அங்கதான் ஷீரடி டிக்கெட் போட்டாரு, நல்லா பண்ணி குடுத்தாங்கன்னாரு. நைனாவையும் கூட்டினு போனேன். அந்த ஆளு நைனாவ பாத்த உடனே எழுந்து நின்னான், டீ வாங்கிட்டு வரச் சொன்னான், ஹார்பர்ல வேலை பாத்தேன்னு சொன்னதும் எங்க மாமாவும் ஹார்பர்தான் ஐயான்னு சொல்லி எந்த டாக்கு எந்த செக்ஷன்னு பத்து நிமிஷம் பேசினு இருந்தான், நைனா முகத்த பாக்கணுமே, ரிட்டயர்டு ஆனதுலருந்து அவர்கிட்ட வேலைய பத்தி யாரும் அவ்ளோ கேட்டதில்ல. அப்புறம் என்னாண்ட திரும்பி "இவருக்கு போயி ஜன்னல் இல்லாத ரூம் போடுவேனா அண்ணே, ரெண்டு பால்கனி ரூம், பக்கத்து பக்கத்துல, வரி, போர்ட் சார்ஜ் எல்லாம் சேத்து 1,32,000"ன்னான். நான் அங்கயே விழுந்துட்டேன். நைனாவுக்கு மரியாதை குடுத்தான்னு நம்புனேன், வேற ஒண்ணும் பாக்கல.

ஒரு சின்ன பேப்பர்ல "பால்கனி 2, 5 பேர், 1,32,000"ன்னு பேனால எழுதி கையெழுத்து போட்டு குடுத்தான். சீல் இல்ல, பில் இல்ல. காசு ஜிபேல கேட்டான், கம்பெனி அக்கவுண்ட்ல ஏதோ லிமிட் பிரச்சனை, மச்சான் நம்பருக்கு போடுங்கன்னான். முதல்ல 50,000, ஒரு வாரம் கழிச்சு 82,000. எங்க வீட்ல அப்பவே கேட்டாங்க ஏங்க கடை பேர்ல போடாம யார் பேர்லயோ போடறீங்கன்னு. நான்தான் அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுன்னேன்.

டிக்கெட் எங்கன்னு கேட்டப்ப வாட்ஸப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. எங்க அஞ்சு பேரு பேரு, தேதி, புக்கிங் நம்பர் எல்லாம் கரெக்டா இருந்துச்சு. அதுக்கு கீழ கட் ஆயிருந்துச்சு, ரூம் எந்த வகைன்ற லைன் மட்டும் இல்ல. இப்ப பாத்தா பளிச்சுனு தெரியுது, அப்ப தோணல. முழு பிடிஎஃப் கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரைக்கு அனுப்பினான், அதுல இன்டீரியர்னு, அதாவது ஜன்னல் இல்லாத உள்ரூம்னு போட்ருக்கு. உடனே அடிச்சேன். "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டும் அண்ணே, ஏறுன உடனே அப்கிரேட் ஆயிடும், நான் பேசிட்டேன், நிம்மதியா தூங்குங்க." அந்த நேரத்துல கேன்சல் பண்ணா ஒண்ணுமே திரும்ப வராது, அவனுக்கும் அது தெரியும், அதான் அந்த நேரத்துக்கு அனுப்பிருக்கான்.

மறுநாள் நைனா வெள்ளைச்சட்டை போட்டு, பழைய ஹார்பர் பாஸ் கூட பாக்கெட்ல எடுத்து வச்சிகினாரு. ராஜாஜி சாலைல ஆட்டோ திரும்பும்போது ஒவ்வொரு கேட்டா பாப்பாவுக்கு சொல்லிட்டு வந்தாரு. கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட பால்கனின்னு சொன்னேன், அந்த பொண்ணு ரெண்டு தடவ கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, இல்ல சார், ரெண்டுமே இன்டீரியர், பால்கனி எல்லாம் ஃபுல்லுன்னுச்சு. ரெண்டு ரூமும் வேற வேற தளத்துல. எவ்ளோ கட்டிருக்குன்னு கேட்டேன், ஸ்கிரீன திருப்பி காட்டுச்சு. 85,500. நான் குடுத்தது 1,32,000. நடுவுல 46,500. பின்னாடி லைன்ல ஆளுங்க நிக்கிறாங்க, நைனா என்னடா என்னடான்றாரு, ஒண்ணும் இல்ல நைனா வாங்கன்னு கூட்டினு போய்ட்டேன்.

ரூமுக்குள்ள போனதும் நைனா செருப்ப கூட கழட்டல, நேரா கட்டிலுக்கு அந்தப்பக்கம் சுவத்துல தொங்குன ஸ்கிரீன் துணிய ரெண்டு கையால விலக்குனாரு. உள்ள சுவரு. வெறும் சுவரு, ஒரு கண்ணாடி ஒட்டிருக்கு. அதுல அவரு முகம்தான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. அப்புறம் துணிய பழையபடி இழுத்து மூடிட்டு "பரவால்லடா, மேல போயி பாத்துக்கலாம்"ன்னாரு. இத எழுதும்போது கூட எனக்கு தொண்டை அடைக்குது.

கப்பல்காரங்க மேல எனக்கு குறை இல்ல, சாப்பாடு நல்லாருந்துச்சு, வேலை செய்ற பசங்க மரியாதையா பேசுனாங்க. ஆனா எல்லாம் சேத்துன்னு அவன் சொன்னது பொய், டிப்ஸ்னு தலைக்கு இவ்ளோன்னு ஒரு சார்ஜு, கூல்டிரிங்ஸ் தனி, எல்லாம் கடைசில பில்லுல வந்துச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, எங்க ரூமுக்கும் அவங்க ரூமுக்கும் லிஃப்ட்ல ஏறி இறங்கியே பாதி நேரம் போச்சு. கரையத் தாண்டுனா சிக்னல் போயிடும், அந்த ஆள திட்டக்கூட முடியல. நைனா மட்டும் ரெண்டு நாளும் விடியக்காத்தால நாலரைக்கே எழுந்து மேல்தளத்துக்கு போய் நின்னாரு. ரூம்ல இருந்தா பகலா ராத்திரியான்னே தெரியலடான்னாரு.

வந்து இறங்குனதுலருந்து நடந்தத சொல்றேன். முதல் நாள், டிரைவிங்ல இருக்கேன் அண்ணே. மூணாம் நாள், மெயில் போட்ருக்கேன், 7 வொர்க்கிங் டேஸ். அப்புறம் கப்பல் கம்பெனிதான் ரீஃபண்ட் பண்ணணும். அவங்களுக்கு அடிச்சா, எங்களுக்கு வந்தது 85,500, அதுக்கு உள்ள ரூம் குடுத்துட்டோம்ன்றாங்க, அவங்க சொல்றதும் நியாயந்தான். டிராவல்ஸ் கடைக்கு நேர்ல போனேன், ஒரு பையன் மட்டும் உக்காந்திருந்தான், அண்ணன் திருப்பதி போயிருக்காருன்னான். அடுத்த நாள் போனா இன்னும் வரல. அந்த மச்சான் நம்பருக்கு அடிச்சா, எனக்கு ஒண்ணும் தெரியாது, என் அக்கவுண்ட்ல வந்துச்சு, எடுத்து குடுத்தேன்றான். 46,500 ரூபாங்க. எங்க வீட்டு மூணு மாச வாடகைக்கு மேல. ஸ்டேஷன்ல சொன்னா இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போங்கன்னு அனுப்பிட்டாங்க.

கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிச்சு புகார் பதிஞ்சிட்டேன், டாக்கெட் நம்பர் வந்துச்சு. கன்ஸ்யூமர் கமிஷன்ல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம், 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான் எனக்கு தெரிஞ்சது.

இன்னும் நிறைய எழுதணும்னு உக்காந்தேன், டூட்டிக்கு நேரம் ஆவுது, முக்கியமானத மட்டும் சொல்லிட்றேன். கடை பேர்ல இல்லாத நம்பருக்கு காச போடாதீங்க. புக்கிங் நம்பர் கைக்கு வந்த அன்னிக்கே கப்பல் கம்பெனிக்கு நேரா ஃபோன் போட்டு எந்த ரூம், எவ்ளோ கட்டிருக்குன்னு கேளுங்க, ஒரு ஃபோன்தான், நான் அத பண்ணிருந்தா 46,500 என் கையில இருந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் குடுத்தா வாங்காதீங்க, முழு பிடிஎஃப் கேளுங்க. இன்டீரியர்னா ஜன்னலே கிடையாது. பெரியவங்கள கூட்டினு போறவங்க ரெண்டு ரூமும் ஒரே தளமான்னு கேட்டுக்குங்க.

நைனாவுக்கு 46,500 போனது இன்னும் தெரியாது, ஏதோ அஞ்சாயிரம் வரணும்னு நெனச்சிகினு இருக்காரு. நேத்து கூட கேட்டாரு, அந்த ஹார்பர்காரர் மருமவன் காசு குடுத்தானாடான்னு. நாளைக்கு லீவு போட்டு கமிஷனுக்கு போறேன், ஜிபே ரசீது ரெண்டு, வாட்ஸப் எல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சு, அவன் பேனால எழுதி குடுத்த அந்த பேப்பரையும் ஃபைல்ல வச்சிட்டேன்.