ஜாடியின் அடியை முழுசாகப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஜப்பானில், ஃபுகுவோகாவில் குடியிருந்துகொண்டு, இங்கிலாந்தில் இருக்கும் ஒருவரிடம் ஆன்லைனில் ஜப்பான் ஜாடி வாங்கி ஏமாந்தேன். கொல்லன் தெருவில் வீட்டை வைத்துக்கொண்டு ஊசி வாங்க வெளியூர் போன கதைதான்.

ஆனால் முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு சட்சுமா ஜாடிகள் (சட்சுமா என்பது தெற்கு ஜப்பானில் இன்றைய ககோஷிமா பகுதி) மேற்கே கப்பல் கப்பலாகப் போயின. அவற்றில் சில இப்போது திரும்பி வருகின்றன. அதற்கு இங்கே ‘சாதோகாயெரி’ என்று பெயர். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வருவதற்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லில் மயங்கித்தான் 42,000 யென் கட்டினேன்.

விளம்பரத்தில் ‘மெய்ஜி காலம், 1880 வாக்கில்’ என்று இருந்தது. அடிப்பாகப் படத்தில் வட்டத்துக்குள் சிலுவை போல ஒரு குறி. சட்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னம் அது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ககோஷிமாவுக்கு வெளியே, கியோத்தோ பட்டறைகளிலும் அதே சின்னத்தைப் போட்டார்கள் என்பது அப்போது தெரியாது.

பெட்டியைப் பிரித்துக் கவிழ்த்தால், சின்னத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘ராயல் சட்சுமா’ என்று முத்திரை! விளம்பரப் படத்தில் அந்தப் பாதியை விற்றவர் வெட்டியிருக்கிறார். பக்கத்திலேயே சின்னச் சதுரமாகப் பிசுபிசுப்பு, அதில் தூசி ஒட்டியிருந்தது. ஏதோ ஸ்டிக்கரை உரித்த தடம்.

அலுவலகத்தில் ககோஷிமாக்காரர் ஒருவரிடம் காட்டினேன். முத்திரையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். அப்புறம் லென்ஸை என் கையில் கொடுத்து, ஜாடியின் இரண்டு பக்கமும் படத்தில் இருக்கும் பெண்ணின் புருவத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டு புருவமும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. கையால் வரைந்தால் பிசிறு கூடவா ஒன்றுபோல விழும்? கோடுகள் அச்சு, வண்ணம் மட்டும் மேலே பூசியது. ‘ராயல்’ முத்திரை பிற்காலத்தில் சீனாவில் ஏற்றுமதிக்குச் செய்த ஜாடிகளில் சர்வசாதாரணமாம்.

ஆங்கில எழுத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அமெரிக்கா போகும் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் பாத்திரங்களில் ‘நிப்பான்’ (ஜப்பானுக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயர்) என்று ஆங்கில எழுத்தில் போட ஆரம்பித்தார்கள். 1921இல் அதுவும் செல்லாது, ‘ஜப்பான்’ என்றே போட வேண்டும் என்றார்கள். 1880 ஜாடிக்கு ஆங்கில முத்திரை எதற்கு?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சட்சுமா பாணி என்றுதானே எழுதியிருக்கிறேன்” என்று பதில் வந்தது. சரி என்று போய்ப் பார்த்தேன். உண்மைதான், விளம்பரத்தின் கடைசி வரியில் ‘பாணி’ இருக்கிறது. பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பழைய பொருளாம்!

அதே ஆள் போன வாரம் இன்னொரு ஜாடி போட்டிருக்கிறார். அதிலும் அடிப்பாகப் படம் சின்னத்தோடு நின்றுவிடுகிறது.