போர்ட் ஐசக்கா, சார்ல்ஸ்டவுனா?

செட்டிநாட்டில் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் நிறைய. பெற்றவர்கள் கோடையில் போய் இறங்கி லண்டனைப் பார்த்து முடித்ததும், "கார்ன்வால் போய்வரலாமா?" என்று மகனோ மருமகளோ கேட்பார்கள். தொலைக்காட்சித் தொடரில் பார்த்த துறைமுகத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள அந்தக் கடலோரப் பகுதியில் அதற்குப் போட்டியிடும் ஊர்கள் இரண்டு: வடகரையில் போர்ட் ஐசக், தென்கரையில் சார்ல்ஸ்டவுன். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று வரைபடம் சொல்லும். நம்ப வேண்டாம். அங்கே கிராமச் சாலைகள் அவ்வளவு குறுகல். எதிரே டிராக்டர் வந்தால் காரைப் பின்னுக்கு எடுத்துத்தான் வழிவிட வேண்டும்.

போர்ட் ஐசக்கில் எடுத்த தொடர் 'டாக் மார்ட்டின்'. 2004 முதல் 2022 வரை ஓடியது. ரத்தத்தைக் கண்டால் குமட்டும் சிடுமூஞ்சி டாக்டராக மார்ட்டின் க்ளூன்ஸ் நடித்தார். தொடரில் ஊரின் பெயர் போர்ட்வென். மாறியது பெயர்தான், சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வெள்ளை வீடுகள், படகு இறக்கும் சாய்தளம், ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து எல்லாம் திரையில் கண்டபடியே இருக்கின்றன. டாக்டரின் வீடாக வரும் கல்வீட்டை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அது தனியார் வீடு. உட்புறக் காட்சிகளும் அங்கே எடுத்தவை அல்ல. கானாடுகாத்தானில் யாரோ ஒருவர் வீட்டு முகப்பில் அனுமதி கேட்காமல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சார்ல்ஸ்டவுன் வேறு ரகம். 2015 முதல் 2019 வரை வந்த 'போல்டார்க்' தொடரில் அது பதினெட்டாம் நூற்றாண்டு ட்ரூரோ நகரமாக வேடம் போட்டது. நம் வளவு வீடுகள் திரையில் எந்தெந்த ஊர் ஜமீன்தார் வீடாகவோ மாறுவது போலத்தான். அதனால் தொடரின் ரசிகர் அங்கே போய் நின்றால் காட்சியில் பாதியைத் தாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஆனால் தொடரைப் பார்க்காதவருக்கு, குறிப்பாக நம் ஊர்க்காரருக்கு, சார்ல்ஸ்டவுனின் சொந்தக் கதை தொடரைவிடச் சுவையானது. சார்ல்ஸ் ராஷ்லி என்ற நிலக்கிழார், ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரின் வரைபடத்தை வைத்து, 1791இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் கட்டிய துறைமுகம் அது. அரசாங்கம் கட்டியதல்ல, ஒரு தனி மனிதரின் துணிச்சல். முதலில் செம்புத் தாது, பிறகு பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண் என்று கப்பல் கப்பலாக வெளியேறியது. பர்மாவில் கடை வைத்து, அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூண் நிறுத்திய வம்சத்தாருக்கு அந்தக் கல் சுவரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கார்ன்வால் சுரங்க நிலப்பகுதியில் இதுவும் அடக்கம். போர்ட் ஐசக்குக்கும் வணிக வரலாறு உண்டு, டெலபோல் கல்குவாரியின் கூரைப் பலகைக் கற்கள் அங்கிருந்தும் கப்பலேறின. ஆனால் அதைச் சொல்லும் தடயம் கண்ணில் அதிகம் படுவதில்லை.

கடலின் போக்கை இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டும். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய்க் கடல் பார்த்தவர்கள் நாம். அங்கே தண்ணீர் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. கார்ன்வாலில் அப்படியல்ல. வற்றும் நேரத்தில் போர்ட் ஐசக் துறைமுகம் வெறும் மணலாகி, படகுகள் சாய்ந்து கிடக்கும். நடுவில் நடந்தே போகலாம். என் கண்ணுக்கு அதுதான் அழகு, ஆனால் நிறைந்த தண்ணீரில் படம் எடுக்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சார்ல்ஸ்டவுனின் உள்துறைக்கு மதகு இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

முழங்கால் வலி உள்ள ஆச்சிமாரை அழைத்துப் போவதென்றால் சார்ல்ஸ்டவுனே. லண்டன் பாடிங்டனில் ஏறினால் செயின்ட் ஆஸ்டெல் நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து சிறிது தூரம்தான். போர்ட் ஐசக்குக்கு ரயிலே கிடையாது. பெரிய கார் நிறுத்துமிடம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. இறங்குவது இன்பம், திரும்ப ஏறுவது தண்டனை. நடக்கத் தெம்புள்ளவர்களிடம் நான் தயங்காமல் போர்ட் ஐசக்கையே சொல்வேன். நண்டும் கல் இறாலும் இன்றும் படகில் வந்து இறங்குகிற ஊர் அது. படப்பிடிப்புக் குழு கிளம்பிப் போன பிறகும் அதற்கு வேலை இருக்கிறது.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. கடைதோறும் விற்கும் கார்னிஷ் பேஸ்ட்டி என்ற பொதிப் பண்டத்தில் மாட்டிறைச்சி இருக்கும். சைவ ஆச்சிகளுக்கு மட்டுமல்ல, மாடு சாப்பிடாத அசைவக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீஸும் வெங்காயமும் வைத்தது தனியாகக் கிடைக்கும். திறந்தவெளியில் நின்று சாப்பிட்டால் கடற்காகம் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும்.

ஆகஸ்ட் வேண்டாம், பள்ளி விடுமுறைக் கூட்டம் சந்துகளை அடைத்துக்கொள்ளும். மே கடைசி வாரமும் அங்கே விடுமுறைதான். ஜூன் முதல் பாதியில், வார நாளில் போங்கள்.