ஒன்றரை இஞ்ச் பிளாஸ்டிக்: செமஸ்டர் கடைசியில் ஒரு 15.6 இஞ்ச் லேப்டாப்

நான் வைத்திருக்கிற இந்த லேப்டாப் மாடல் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான். ஹிஞ்ச், அதாவது மூடியை அடிப்பாகத்தோடு இணைக்கிற கீல், ஒட்டி என் லேப்டாப் சர்வீஸ் கடையிலிருந்து வந்த வாரத்தில் கேட்டதால் பதிலில் கொஞ்சம் காரம் தூக்கலாகவே இருக்கும். கம்பெனி பெயர் வேண்டாம். 15.6 இஞ்ச், ரைசன் 5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, சாம்பல் நிறம் என்றாலே நெல்லைப் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு எது என்று தெரிந்துவிடும். ஸ்பெக்கை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஸ்பெக்கில் எழுதாத ஒன்றரை இஞ்ச் பிளாஸ்டிக்தான் இங்கே விஷயம்.

ஹிஞ்ச் என்பது ஸ்டீல். அது உடையவே உடையாது. அதைப் பிடித்திருக்கிற திருகுகள் ஏ பேனலில், அதாவது மூடியின் பின்பக்கத்தில், பிளாஸ்டிக் குமிழ்களுக்குள் சூடாக்கிப் பதித்த பித்தளை மரைகளில் ஏறுகின்றன. ஒவ்வொரு தடவை மூடியைத் தூக்கும்போதும் ஹிஞ்சின் இறுக்கம் முழுவதும் அந்தக் குமிழ்களின் மேல் விழுகிறது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு பித்தளை மரை பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும், பிறகு மூடியை மூடும்போது ஓரம் வாய் பிளந்து நிற்கும். இந்த மாடலில் முதலில் போவது இடப்பக்கம். காற்று வெளியேறும் வாயும் அங்கேதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் அறைச்சூடே நாற்பதைத் தொடும்போது அந்த வாயிலிருந்து வரும் அனல் பிளாஸ்டிக்கை உருக்காது, உண்மைதான். ஆனால் ஹிஞ்சுக்குள் இருக்கிற கிரீஸ் காய்ந்து போகும். பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றுப் புழுதியும் சேர்ந்தால் ஹிஞ்ச் இன்னும் இறுகும். இறுக இறுக அடி வாங்குவது அந்தக் குமிழ்தான்.

மற்ற மாதங்களில் இது தெரியாது. ஏப்ரல், மே வந்தால் தெரியும். மாடல் எக்ஸாம், பிராக்டிகல், மினி புராஜெக்ட் ரிவ்யூ, தமிழக அரசின் நான் முதல்வன் கோர்ஸுக்கு கிட்ஹப் தளத்தில் புரோகிராமை ஏற்ற வேண்டியது, என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் பரீட்சை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். புராஜெக்ட் பேட்சில் நாலு பேர் இருந்தால் புரோகிராம் ஓடுவது ஒரு மெஷினில்தான் இருக்கும். அது கைக்குக் கை மாறும். வாங்குகிறவன் ஒற்றைக் கையால் வலது மூலையைப் பிடித்துத் திறப்பான், இடது ஹிஞ்ச் முறுக்கிக்கொள்ளும். மூடியின் நடுவில் பிடித்துத் திறங்கலே என்று எத்தனை தடவை சொன்னாலும் ரிவ்யூ அவசரத்தில் யார் காதிலும் ஏறாது.

இதைவிட மோசம், திறந்த லேப்டாப்பை ஸ்கிரீனைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு லேபிலிருந்து செமினார் ஹாலுக்கு நடப்பது. ஏன் அப்படி நடக்கிறார்கள் என்றால், மூடினால் ஸ்லீப்புக்குப் போகும், கூகுளின் கம்ப்யூட்டரில் நம் புரோகிராமை ஓட்டித்தரும் கொலாப்போடு இணைப்பு அறுந்துவிடும், ஏஐ மாடலுக்குக் கொடுத்த பாதி டிரெயினிங் போய்விடும். இலவச கொலாப் அதிகபட்சம் 12 மணி நேரம்தான் ஓடும், அதிலும் சும்மா விட்டால் முன்னாலேயே துண்டித்துவிடும் என்பதால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. தீர்வு இரண்டு. ஒன்று, ஒவ்வொரு ஈபாக், அதாவது டிரெயினிங் சுற்று, முடிந்ததும் அதுவரை ஆனதைச் செக்பாயிண்ட்டாக கூகுள் டிரைவில் சேமிக்கிற நாலு வரியை எழுதிவிடுவது. இரண்டு, விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றுவது. லினக்ஸில், மூடி திறந்து மூடுவதைக் கவனிக்கிற லாகின்டி என்ற புரோகிராமின் கான்ஃபிக் ஃபைலில் லிட் ஸ்விட்ச் வரியை இக்னோர் என்று வைக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டாவது வழியில் வைத்துவிட்டு மறந்து பைக்குள் போட்டால், டவுன் பஸ்ஸில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பை இட்லிப் பானையாகிவிடும். பேட்டரிக்கும் கேடு, ஹிஞ்சுக்கும் கேடு. செக்பாயிண்ட்தான் யோக்கியமான வழி.

சரி, பிய்ந்துவிட்டால் என்ன செய்வது. அறிகுறி தெரிந்த அன்றைக்கே திறப்பதை நிறுத்திவிட வேண்டும். டிஸ்ப்ளே கேபிள் ஹிஞ்ச் பக்கமாகத்தான் மேலே போகிறது. பிய்ந்த ஹிஞ்ச் அதை நசுக்கினால் ஸ்கிரீன் மினுக்கும், கோடு விழும், நூறுகளில் முடிகிற செலவு ஆயிரங்களுக்குப் போகும்.

ஒட்டுகிற வேலை இப்படி. பிஎச்0 எனும் சின்ன நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் அடிமூடித் திருகுகளைக் கழற்ற வேண்டும். பின் ரப்பர் காலுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும், அதைக் கழற்றாமல் நெம்பினால் டி பேனலும், அதாவது அந்த அடிமூடியும், உடையும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை உருவுவது. ஸ்கிரீனைச் சுற்றியுள்ள பி பேனலைப் பழைய சிம் கார்டு ஒன்றை உள்ளே விட்டு மெதுவாக விடுவிக்கலாம். உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்க வேண்டும், மரை எந்த இடத்தில் இருந்தது என்று காட்டுவது அவைதான். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அரால்டைட் எபாக்சி பசையை இரண்டு ட்யூபிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் கலந்து, பித்தளை மரையைச் சுற்றிக் கட்ட வேண்டும். மரையின் வாய்க்குள் பசை இறங்காமலிருக்கத் திருகில் துளி எண்ணெய் தடவி அதை மரையிலேயே ஏற்றி வைத்துவிடலாம். பிறகு ஒரு முழு நாள் தொடக்கூடாது. ஐந்து நிமிடத்தில் காய்கிற வகை வேண்டாம், இந்த இழுவைக்கு அது நிற்காது. ஃபெவிக்விக் போட்டால் கண்ணாடி மாதிரி இறுகி அடுத்த திறப்பில் தெறித்துவிடும். அதோடு அது நீராக ஓடி ஹிஞ்ச் அச்சுக்குள் புகுந்தால் கதை முடிந்தது.

பலரும் பசையோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஹிஞ்ச் அச்சின் நுனியில் ஒரு சின்ன நட்டு இருக்கும். அதைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் மாட்டினால் உடைத்த அதே இறுக்கம் மறுபடியும் உடைக்கும். ஒரு விரலால் மூடியைத் தூக்கும்போது அடிப்பாகம் மேசையை விட்டு எழும்பக்கூடாது, விரலை எடுத்தால் ஸ்கிரீன் நின்ற கோணத்தில் நிற்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சிப் பக்கம் சர்வீஸ் அண்ணாச்சிகள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். ஏ பேனலில் ஓட்டை போட்டு வெளியிலிருந்து போல்ட்டை விட்டு உள்ளே நட்டால் முடுக்கிவிடுவார்கள். பார்க்க மாட்டுவண்டிச் சக்கரம்போல் இருந்தாலும் அதுதான் நிற்கிறது. இன்டர்வியூவுக்கு எடுத்துப்போகிற லேப்டாப்பின் முதுகில் நாலு போல்ட் தெரிந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் அதையே செய்யலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ‘பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். திறந்து மூடுவதற்காகச் செய்த பொருளைத் திறந்து மூடியதே டேமேஜ் என்றால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

இப்போது நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உள்ளே இருக்கிற சரக்கு நல்ல சரக்கு.

கீபோர்டு இத்தனை ரெக்கார்டுக்கும் ரிப்போர்ட்டுக்கும் பிறகு ஒரு எழுத்துகூட அழியவில்லை. பிராசஸர் வேகத்தில் குறையே இல்லை. 8 ஜிபி ரேம் மட்டும், ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோடு எமுலேட்டரையும் (ஸ்கிரீனில் ஓடுகிற பொய் போன்) குரோமையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு வாங்கும். எமுலேட்டரை விட்டுவிட்டு யூஎஸ்பி டீபக்கிங்கில் சொந்த போனிலேயே ஆப்பை ஓட்டினால் பாதி சுமை இறங்கிவிடும். ஆப்பைக் கட்டித்தருகிற கிரேடிலின் பிராப்பர்டீஸ் ஃபைலில் ஹீப், அதாவது அது எடுத்துக்கொள்கிற ரேம், அளவு 2048 எம்பி என்றிருப்பதை 1536 ஆக்கினால் சின்ன புராஜெக்ட்டுக்குத் தாராளம். ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறது, காசு இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதே நல்லது. ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் ஃபேனைப் பிரஷ்ஷால் ஒருதரம் சுத்தம் செய்துகொண்டால் கடைசியில் இரைச்சல் இருக்காது.

லேப்டாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் ரெக்கார்டு சைன் வாங்குகிற வாரத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்வது: அவுட்புட் ஸ்கிரீன்ஷாட்டை டார்க் தீமில் எடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கடைப் பிரிண்டரில் அது கருப்புச் சதுரமாக வரும், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினரால் ஒரு எழுத்தும் படிக்க முடியாது. டெர்மினலை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி எடுத்து, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் கடைக்காரரின் வேர்டில் பக்கம் நகர்ந்து தொலையாது.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் டைப் சி சார்ஜிங். பெட்டியில் தடித்த உருளை முனை சார்ஜர்தான் தருகிறார்கள், டைப் சி-யிலும் சார்ஜ் ஏறும் என்று விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெரிதாக இல்லை. இந்த ஊரில் அதன் அருமை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று தெரியும். காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று பேப்பரில் வரும், அது ரிப்போர்ட் சமர்ப்பிக்கிற நாளாகப் பார்த்து வரும். விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இப்போது 45 வாட் அவரில் 31 தான் மிச்சம். டைப்பிங், கோடிங் அளவுக்கு 9 வாட் செலவு என்றால் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் ஓடும். ஐந்து மணி நேரத்துக்குப் போதாது. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க்கில் 74 வாட் அவர் இருக்கிறது, மாற்றத்தில் போவது போக 60 வந்தாலும் சாயங்காலம் வரை கவலையில்லை. ஆனால் பவர் பேங்க் டைப் சி-யின் பவர் டெலிவரி (பிடி) முறையில் 20 வோல்ட் தர வேண்டும், கேபிளும் அந்த வாட்டைத் தாங்க வேண்டும். 9, 12 வோல்ட்டோடு நிற்கிற 20 வாட் வகையை இந்த மெஷின் சீந்தவே சீந்தாது. போனோடு வருகிற 67, 80 வாட் சார்ஜர்களும் பலது அந்தந்தக் கம்பெனி போனுக்குத்தான் முழு வேகம் தரும், மற்றதுக்குக் கையை விரித்துவிடும். அடாப்டரின் பொடி எழுத்தில் 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று இருந்தால் நம்பி வாங்கலாம், அது 65 வாட்.

கீபோர்டு நன்று, வேகம் நன்று, சார்ஜிங் மிக நன்று. இத்தனைக்குப் பிறகும் தம்பிக்குச் சொல்வது: வாங்காதே. விலை குறைந்திருப்பதற்குக் காரணம் புது மாடல் வந்ததுதான், ஹிஞ்ச் மாறியதல்ல. அதே காசுக்குள் ரீஃபர்பிஷ்டு அலுவலக மாடல் ஒன்று கிடைக்கும். பிராசஸர் இரண்டு தலைமுறை பழசாக இருக்கும், ஸ்கிரீன் 14 இஞ்ச்தான் இருக்கும், ஆனால் ஹிஞ்ச் திருகு உலோகச் சட்டத்தில் ஏறியிருக்கும். கடையில் பார்க்கும்போது மூடியைத் திறந்து ஓரங்களை அழுத்திப் பார், டக் டக் என்று சத்தம் வந்தால் அடுத்ததை எடு.

இந்த மெஷினை விற்கப்போகிறீர்களா அண்ணே என்றும் கேட்டான். விற்கிற மாதிரி இல்லை. இதேதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பில்லோடு ஒரு பிஎச்0 ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக்கொள். வாரண்டி முடிந்த மறுநாளே அந்த ஹிஞ்ச் நட்டைக் கால் சுற்று தளர்த்திவிடு.