செஸ்நட் தோப்பு: கிழட்டு மரமா, ஹைப்ரிட் கன்றா?

சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மலைகளில், மாவுச்சத்துள்ள கொட்டை காய்க்கும் செஸ்நட் மரத்துக்கு 'ரொட்டி மரம்' என்று பேர். தானியம் சரியாக விளையாத சரிவுகளில் ஏழைகளுக்கு அதுதான் சோறு. ஆட்கள் பிழைப்பு தேடிப் போனதும் தோப்புகள் புதராயின. 1948-இல் மரப்பட்டையைக் கொல்லும் பூஞ்சையும் வந்து சேர்ந்தது. இப்போது இருக்கும் மரங்களைத் தேற்றுவதா, வெட்டிவிட்டு ஹைப்ரிட் (கலப்பினக்) கன்று நடுவதா?

மகசூல் மட்டும்தான் கணக்கென்றால் ஹைப்ரிட்தான். ஐரோப்பிய மரத்தையும் ஜப்பானிய மரத்தையும் சேர்த்துப் பிரான்சில் உருவாக்கிய 'பூஷ் த பெத்திசாக்' சில வருடங்களிலேயே காய்க்கும், கொட்டையும் பெரிசு. 2002-இல் இத்தாலியின் பியெமோந்தேயில் தென்பட்ட கிழக்காசியக் குளவி மொட்டுகளை முடிச்சு முடிச்சாக்கி மரங்களை வாட்டியபோது, இந்த ரகம் அசரவில்லை. ஆனால் சீக்கிரம் துளிர்க்கும், பின்பனியில் துளிர் கருகும். நல்ல மண்ணும் தண்ணீரும் வேறு கேட்கும். செங்குத்துச் சரிவில் எங்கே போவது?

அப்புறம், பழைய மரங்களைப் பயமுறுத்திய இரண்டும் முன்பு போல இல்லை. பூஞ்சைக்கே ஒரு வைரஸ் தொற்றி அதன் வேகம் குறைந்தது. பட்டையில் விழுந்த புண் பல மரங்களில் தானே ஆறிவிடுகிறது. குளவியை அடக்க அதன் எதிரிக் குளவியை 2005 முதல் இத்தாலியில் விட்டார்கள், பலன் கிடைத்தது.

கிழட்டு மரத்தின் நடு உளுத்து, ஆள் நுழையும் அளவு பொந்தாகும். உள்ளே சேரும் ஈரமான மரத்தூளில் வண்டுப் புழுக்கள் வளரும்; மேலே மரங்கொத்தியும் வௌவாலும் குடியிருக்கும். இப்படியொரு பொந்து எந்த நர்சரியிலும் விலைக்குக் கிடைக்காது. சாப்பாட்டுப் பக்கமும் பாருங்கள்: பழைய ரகங்களில் முந்திப் பழுப்பதைச் சுட்டுத் தின்பார்கள், சில ரகங்களை உலர்த்தி மாவாக்குவார்கள். முஜ்ஜோ பள்ளத்தாக்கின் கப்பியோவில் 'கிரா' என்ற கல் குடிசை இருக்கிறது. கீழே நெருப்பு புகையும், மேலே மரச்சட்டப் பரணில் கொட்டைகள் சுமார் மூன்று வாரம் காயும்.

சரி, செலவு? கயிறு கட்டி ஏறிக் கவாத்து செய்ய ஆள் வேண்டும். அது சில வருஷத்துக்கு ஒரு தடவை வரும் செலவு. அது போக வருஷா வருஷம் புல் வெட்ட வேண்டும், அல்லது ஆடு மேய வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாமல்தான் தோப்புகள் கைவிடப்பட்டன. காடாக விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. ஆனால் மற்ற மரங்கள் நிழல் கட்டினால் செஸ்நட் நலிந்து சாகும்.

என் ஓட்டு பழைய மரத்துக்கே. வேர் அழுகும் 'மை நோய்' உள்ள ஈரப் பள்ளங்களில் மட்டும், தாங்கும் ஹைப்ரிட் வேரில் பழைய ரகத்தை ஒட்டுக்கட்டலாம். ஒட்டு சேராமல் போவதும் உண்டு. அதனால் கன்றுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டுக்கட்டி வைப்பது நல்லது.