பேஸ்போல் பார்க்க வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மரீன் டிரைவை எட்டுவதற்குச் சற்று முன்னால், ஆறே மேசைகள் போட்ட ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. தம் கடையின் பெயர் இணையத்தில் வருவதைக் கடைக்காரர் விரும்பாததால் அதை இங்கே எழுதவில்லை. ஆனால் பேஸ்போல் பருவத்தில் அதிகாலை நாலரை மணிக்கு அந்தப் பக்கம் போனால், விளக்கு எரியும் கடை அது ஒன்றுதான். உள்ளே திரையில் கனடாவின் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி விளையாடிக்கொண்டிருக்கும்.

ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் கொழும்பில் மறுநாள் அதிகாலை 4.37க்குத் தொடங்குகிறது. வெள்ளவத்தையில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உறவினர் இல்லாத வீட்டைக் காண்பது அரிது என்பதால், கிரிக்கெட்டை உயிராக நினைக்கும் இந்த ஊரில் இப்படியொரு கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்தவன் அங்கே பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன். கடைக்குக் கூட்டிப்போனவர் என் அண்ணன். 2025 செப்டெம்பரிலிருந்து இன்றுவரை இருபது தடவைக்கு மேல் போயிருக்கிறேன். ஆகவே ஒரு காலை வேளையின் மகிழ்ச்சியில் எழுதும் மதிப்புரை அல்ல இது.

முதலில் சாப்பாடு. பிளேன்டீயில் இஞ்சியை நசுக்கிப் போடுகிறார்கள், சீனி கலப்பதில்லை, பக்கத்தில் சிறு தட்டில் பனங்கட்டித் துண்டு ஒன்று வரும். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். ஐந்தேகால் அளவில் முதல் ஈடு உளுந்து வடை எண்ணெயிலிருந்து இறங்கும்; அந்த முதல் ஈட்டைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் ஏழு மணிக்கு மேல் அதே வடை ஆறிக் கல்லாகிவிடுகிறது. இடியப்பம், சொதி, சம்பல் மூன்றும் நன்று. சொதியில் தேங்காய்ப்பாலை மிச்சம் பிடிக்காமல் விடுகிறார்கள். ரோல்ஸ் வெளியிலிருந்து வாங்கி வைப்பது, அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பரிமாறும் முறையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே வேலை செய்யும் இரண்டு இளைஞர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்கள். வந்த புதிதில் பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாது என்று சொன்னார்கள். இப்போதோ மூன்றாவது ஆள் ஆட்டமிழந்து அணிகள் இடம் மாறும் அந்த இரண்டு நிமிட இடைவெளியில் மட்டுமே மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள் நிற்கும் விறுவிறுப்பான நேரத்தில் திரைக்குக் குறுக்கே நடப்பதில்லை. குனிந்து சுவரோரமாகப் போவார்கள். இதை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். நான் நம்புகிறேன்.

இந்தக் கடையின் குணம் எனக்கு முழுமையாகத் தெரிந்தது 2025 ஒக்ரோபர் 28, செவ்வாய்க்கிழமை அன்று. பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்தது; இங்கே காலை 5.40 அளவில் தொடங்கியது. புளூ ஜேஸ் 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றபின் அந்தத் தொடருக்குத் திரும்ப முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த அணி என்பதால் நிற்கவும் இடமில்லை. ஏழாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி, கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்ற ஹோம் ரன் அடித்து 5-5 என்று சமப்படுத்தியபோது, மனமில்லாமல் எழுந்து பம்பலப்பிட்டியில் உள்ள அலுவலகத்துக்குப் போனேன். மதிய இடைவேளையில் ஓடி வந்து பார்த்தால், அதே 5-5. இடியப்பத் தட்டுகள் போய்ச் சோற்றுத் தட்டுகள் வந்திருந்தன; மேசைகளில் இருந்தவர்கள் மட்டும் மாறவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரும் வழக்கமான வாடிக்கையாளர்களுக்குக் கடைக்காரர் வாசலில் இரண்டு வாங்கு போட்டிருந்தாரே தவிர, விடியலிலிருந்து ஒரு பிளேன்டீயோடு இருந்தவர்களில் ஒருவரைக்கூட எழும்பச் சொல்லவில்லை. ஆறு மணித்தியாலம் 39 நிமிடங்கள் நீடித்த அந்த ஆட்டம், வழமையான ஒன்பதைத் தாண்டிப் பதினெட்டாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் பிரெடி பிரீமன் அடித்த ஹோம் ரன்னோடு, இங்கே பன்னிரண்டரை மணியை நெருங்கும்போது முடிந்தது. தோற்றோம். ஆனாலும் மதிய நெரிசலில் ஆறு மேசைகளையும் விட்டுக்கொடுத்த ஒரு கடையை நான் கொழும்பில் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ஆட்டம் முழுவதும் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கிறது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், எல்லோருக்கும் அவர் மாஸ்டர், சில ஆண்டுகள் ஸ்காபரோவில் மகளோடு இருந்துவிட்டுத் திரும்பியவர், ஒவ்வொரு ஆட்டத்தையும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிக் கட்டங்களில் பதிகிறார். அன்று ஓட்டானி ஒன்பது தடவை தளத்தை அடைந்ததற்கு ஒன்பது சிவப்புப் புள்ளிகள் உண்டு. ஐந்தாவது ஆட்டத்துக்கான பக்கத்தில், எங்கள் 22 வயதுப் பந்துவீச்சாளர் ட்ரே யெசாவேஜ் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிய, அதாவது பந்தைச் சரியாக அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச் செய்த இடத்தில், பேனை அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. அவ்வளவு நிதானமான மனிதருக்கே அப்படி. கடையில் விவாதம் சூடாகும்போதெல்லாம் அந்தக் கொப்பி நடுமேசைக்கு வரும். அதில் இருப்பதற்கு மாறாக யாரும் பேச முடியாது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நவம்பர் 2, ஞாயிறு காலை, ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது இணைய இணைப்பு அறுந்து படம் உறைந்துவிட்டது. கடைக்காரர் தம் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்து மீட்டெடுப்பதற்குள் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸுடைய ஹோம் ரன் நடந்து முடிந்து, திரையில் 4-4 என்று இருந்தது. உலகத் தொடர் கைநழுவத் தொடங்கிய அந்தக் கணத்தை எங்களில் ஒருவரும் நேரலையில் பார்க்கவில்லை. பதினொரு இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றதைவிட அது எனக்கு ஆறாத மனக்குறை. இப்போது இரண்டாவது இணைப்பும் எடுத்து வைத்திருக்கிறார். கரையோரப் பாதையில் ரயில் போகும்போது வர்ணனை கேட்பதில்லை. அதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் பெண்கள் தனியாக வந்தால் உட்கார வசதியான இடம் சுவரோர மேசை ஒன்றுதான். கழிவறையின் தாழ்ப்பாளைப் பற்றி மூன்று முறை சொல்லியும் அது இன்னும் திருத்தப்படவில்லை. அண்ணன் இல்லாமல் போன முதல் நாள் தயங்கித்தான் நுழைந்தேன். மாஸ்டர், "இதிலை இருங்கோ பிள்ளை, இங்கேயிருந்துதான் வடிவாய்த் தெரியும்" என்று தம் பக்கத்துக் கதிரையைக் காட்டியபின் அந்தத் தயக்கம் போய்விட்டது.

ஆட்டமே இல்லாத மாதங்களிலும் இந்தக் கடைக்குப் போகலாம் என்பதற்குக் காரணம் அங்கே நடக்கும் விவாதம். குளிர்காலம் முழுவதும் ஒரே கேள்விதான்: ஏழாவது ஆட்டத்தின் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில், நாங்கள் அடிக்கும் கீழ்ப்பாதியில், தளங்கள் நிரம்பியிருக்க, மூன்றாம் தளத்தில் நின்ற எங்கள் ஓட்டக்காரர் ஐசையா கைனர்-ஃபலேஃபா, ஓட்டத்தை முடிக்கும் ஹோம் பிளேட் பக்கமாக இன்னும் இரண்டடி முன்னால் நின்றிருந்தால் வென்றிருப்போமா? உப்புக் குவளையை மூன்றாம் தளமாகவும் சீனிப் போத்தலை ஹோம் பிளேட்டாகவும் வைத்து, வடைத் துண்டை ஓட்டக்காரராக நகர்த்தி, அதை எத்தனை தடவை ஆடிப் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. டொட்ஜர்ஸின் மூன்றாம் தளத்துக் களத்தடுப்பாளர் அருகிலேயே நின்றதால் அவர் தளத்தை விட்டு அதிகம் விலகியிருக்க முடியாது என்பது மாஸ்டரின் தீர்ப்பு. நானும் அந்தப் பக்கம்தான்.

2026 மார்ச் இறுதியில் புதிய பருவம் தொடங்குவதால் இப்போது பேச்சு முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. 2024இல் 74 வெற்றிகளோடு லீக்கில் தன் பிரிவின் அடியில் கிடந்த எங்கள் அணி, 2025இல் 94 வெற்றி பெற்றது. அதே பிரிவின் நியூயோர்க் யாங்கீஸும் அதே 94தான், நேருக்கு நேர் ஆட்டங்களில் நாம் கூடுதலாக வென்றிருந்ததால் பிரிவுப் பட்டம் நமக்கு வந்தது. அந்த மெல்லிய இடைவெளியை வைத்துக்கொண்டு, 0.311 அடிச் சராசரியோடு ஆடிய போ பிஷெட்டை நியூயோர்க் மெட்ஸ் அணிக்குப் போக விட்டது பெரும் பிழை என்று ஒரு மேசை வாதிடுகிறது. 21 கோடி டொலருக்கு ஏழாண்டு ஒப்பந்தத்தில் பந்துவீச்சாளர் டிலன் சீஸ் வந்திருக்கிறார், ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸிலிருந்து கசுமா ஒகமோட்டோ வந்திருக்கிறார், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறது அடுத்த மேசை. "சீஸ் ஆளை அவுட்டும் ஆக்குவார், நாலு பந்தும் வெளியே போட்டு முதலாம் தளத்துக்குச் சும்மா நடக்கவும் விடுவார், அண்ணை" என்று கணக்காளர் தம்பி ஒருவர் சொன்னபோது சீஸின் ஆதரவாளர்களிடம் பதில் இருக்கவில்லை. சென்ற ஆண்டு 32 ஹோம் ரன் அடித்த ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் 36 வயதில் அதைத் திரும்பச் செய்வாரா என்பதில் கடையே இரண்டாகப் பிரிந்துகிடக்கிறது. டொட்ஜர்ஸ் நட்சத்திர வீரர் கைல் டக்கரையும் சேர்த்துக்கொண்ட செய்தி வந்த காலை மட்டும் யாரும் வாதிடவில்லை.

என் கணிப்பை நான் அங்கேயே சொல்லிவிட்டேன். கடந்த ஆண்டு நம்மைத் தூக்கி நிறுத்தியது தனி ஒருவரின் பலமல்ல. முழு லீக்கிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி நாம்தான். பந்தைத் தொட்டு விளையாடும் அந்தப் பழக்கம், அடிப்பவர்களின் வரிசைக்கு நடுவில் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் நிற்கும் வரை, பிஷெட்டோடு போய்விடாது. பிரிவுப் பட்டம் கிடைக்காவிட்டாலும் ஒக்ரோபரில் நடக்கும் இறுதிச் சுற்றுகளில் விளையாடுவோம் என்று உறுதியாக நம்புகிறேன். மாஸ்டர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. நான் சொன்னதைப் புதுக் கொப்பியின் பின்னட்டையில் திகதியோடு எழுதிக்கொண்டார். எல்லோருடைய கணிப்பும் அங்கே இருக்கிறது. நீங்கள் போனாலும் கேட்பார்.

பிளேன்டீ 60 ரூபாய், வடை 50. இடியப்பத் தட்டோடு சேர்த்தாலும் ஒருவருக்கு ஐந்நூறைத் தாண்டாது. அட்டை வாங்குவதில்லை, காசு கொண்டுபோங்கள். தூணுக்குப் பின்னால் உள்ள மேசையிலிருந்து முதலாம் தளம் தெரியாது. நல்ல இடம் வேண்டுமானால் முதல் ஆட்டத்தன்று நாலேகாலுக்கே போய்விடுங்கள். கதவு அரைவாசி சாத்தியிருந்தாலும் தட்டலாம், உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்கள்.